வெளியே சொல்லாத நோயும் விரற்கடைத் துளையும்

நம் ஊர்ப் பேருந்து நிலையச் சுவர்களில் 'மூலம், பௌத்திரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு நோய்களுக்கும் பக்கத்திலேயே, ஆனால் எந்தச் சுவரிலும் பெயர் எழுதப்படாமல், மூன்றாவதாக ஒரு நோய் உண்டு. மலக்குடல் தன் இடத்தைவிட்டு நழுவி ஆசனவாய் வழியாக வெளியே வந்துவிடுவதே அது. 'ஆசனம் தள்ளுகிறது', 'அடி தள்ளுகிறது' என்று நம் கிராமத்தார் தணிந்த குரலில் சொல்வது இதைத்தான். பெரும்பாலோர் அதைக்கூடச் சொல்வதில்லை. மூலம் என்றே எண்ணிக்கொண்டு, கண்ட இடத்தில் ஊசி போட்டுக்கொண்டு, களிம்பு தடவிக்கொண்டு பல ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள்.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் ஏராளம். குனிந்து களை பறிக்க வேண்டும். குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். சுமை தூக்க வேண்டும். ஒவ்வொரு முறை முக்கும்போதும் குடல் இறங்கும் ஒருத்திக்கு இந்த வேலை எத்தகையது? மறைவிடம் தேடிச் சென்று, கையால் உள்ளே தள்ளிவிட்டு, துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு மீண்டும் வரிசைக்கு வர வேண்டும். சளியும் இரத்தமும் கசியும். வாடை அடிக்குமோ என்ற அச்சத்தில் திருமண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் போவதை நிறுத்திவிடுவாள். இந்நோய் ஆளை உடனே கொல்வதில்லை. வீட்டின் மூலையில் ஒதுக்கி வைக்கிறது.

இந்த நோயை மனிதன் எவ்வாறு எதிர்கொண்டான்? பெரிய கீறல் இல்லாமலே அதைச் சரிசெய்யும் முறை எவ்வாறு உருவாயிற்று? அது நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்த வழி யாது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மூலம் வேறு, இது வேறு

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஆசனவாயின் உட்புறத்தில் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசுக்கள் உள்ளன. அவை வீங்கிப் புடைப்பதே மூலம். அது வெளியே வந்தால் தனித்தனி முண்டுகளாகத் தெரியும். முண்டுகளுக்கிடையே உள்ள பள்ளங்கள், சக்கரத்தின் ஆரங்களைப்போல நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடும். மலக்குடல் முழுவதும் இறங்கும்போதோ குடற்சுவரே உருளையாக வெளிவரும். அதன் மடிப்புகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக வட்ட வட்டமாக இருக்கும். பயிற்சி பெற்ற மருத்துவர் ஒரு முறை பார்த்தாலே பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வார். ஆனால் அவர் பார்ப்பதற்கு நோயாளி காட்ட வேண்டுமே! சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

மேல்நாட்டு மருத்துவ ஏடுகளைப் புரட்டினால் இது முதிய பெண்களின் நோய் என்றே எழுதியிருக்கும். நம் நாட்டு அறுவை மருத்துவர்களோ இளைஞர்களையும் ஆண்களையும் கணிசமாகக் காண்கிறார்கள். நாட்பட்ட மலச்சிக்கல், நெடுநேரம் முக்குதல், ஓயாத இருமல், பல பிரசவங்களால் தளர்ந்துபோன இடுப்புத் தளத் தசைகள் ஆகியவை இதற்குத் துணை போகின்றன.

தலைகீழாகத் தொங்கவிட்ட காலம்

இந்நோய் மிகப் பழமையானது. கி.மு. 1500 அளவில் எழுதப்பட்ட எகிப்திய ஈபர்ஸ் பாப்பிரஸ் சுருளிலேயே இதைப் பற்றிய குறிப்பு உண்டு என்பர். கிரேக்க நாட்டில் ஹிப்போகிரட்டஸ் பெயரால் வழங்கும் நூல்களில், நோயாளியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் குலுக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அதில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. கீழே இறங்கியது மேலே போக வேண்டும், அதற்குப் புவியீர்ப்பே உதவும் என்பதுதான் அந்த உண்மை. இன்றைய அறுவை மேசையிலும் நோயாளியின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தித்தான் வைக்கிறார்கள்!

நம் நாட்டில் சுசுருத சம்கிதை இதைக் 'குதபிரம்சம்' என்று பெயரிட்டு அழைத்தது. நெய்ப்புப் பூசி, ஒத்தடம் கொடுத்து, குடலை உள்ளே தள்ளி, நடுவில் துளையுள்ள தோலால் கட்டுப்போட வேண்டும் என்பது அந்நூல் கூறும் முறை. வாயு வெளியேற வழி வேண்டும் என்பதற்காகவே அந்தத் துளை. நோயாளியின் அன்றாடத் தேவையை எண்ணிப் பார்த்த ஒருவரின் கை வேலை அது எனலாம்.

ஆயினும் தொங்கவிட்டாலும் கட்டினாலும், எழுந்து நடந்தால் குடல் மீண்டும் இறங்கியது. 1846இல் ஈதர் மயக்க மருந்தும், 1867இல் லிஸ்டரின் நச்சுக்கிருமி ஒழிப்பு முறையும் வந்த பின்னரே அறுவை மருத்துவர்களால் இதில் துணிந்து கை வைக்க முடிந்தது.

கீழிருந்தா, மேலிருந்தா?

ஜெர்மனியின் கார்ல் தியர்ஷ் 1891இல் ஓர் எளிய வழியைக் கூறினார். ஆசனவாயைச் சுற்றித் தோலுக்கடியில் ஒரு வெள்ளிக் கம்பியை வளையமாகச் செலுத்தி இறுக்கிவிடுவது. சுருக்குப் பையின் வாயைக் கயிற்றால் இழுப்பது போன்றது இது. வாய் இறுகியது உண்மைதான். ஆனால் நழுவிய குடல் நழுவியபடியே இருந்தது. கம்பி அறுந்தது, தோலைக் கிழித்தது, சீழ் பிடித்தது. சற்றே கூடுதலாக இறுக்கினால் மலம் வெளியேறாமல் அடைத்துக்கொண்டது.

1889இல் மிக்குலிச் என்பவர் வெளிவந்த குடலையே கீழ்வழியாக வெட்டி நீக்கி, எஞ்சியதை இணைத்தார். 1900இல் பிரெஞ்சுப் படை மருத்துவர் எட்மண்ட் டெலோர்ம், குடலின் உட்சவ்வை மட்டும் உரித்தெடுத்து, தசையைத் துருத்தியைப்போல் மடித்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். கீழ்வழியில் செய்யும் இம்முறைகள் வயிற்றைத் திறப்பதில்லை. ஆகவே தளர்ந்த முதியவர்கள்கூட இவற்றைத் தாங்குவர். இன்றும் இவை வழக்கில் உள்ளன. ஆனால் நோய் திரும்பி வருவது இவற்றில் மிகுதி என்பதே மருத்துவர்களின் நெடுநாள் அனுபவம்.

குடல் ஏன் இறங்குகிறது என்ற கேள்விக்கே அப்போது சரியான விடை கிடைக்கவில்லை. 1912இல் மாஷ்கோவிட்ஸ் இதை ஒருவகைக் குடலிறக்கம் என்றார். 1968இல் பிராடன், ஸ்னெல்மன் என்ற இருவர் எக்ஸ்-ரே சலனப் படம் எடுத்துப் பார்த்தனர். நோயாளி முக்கும்போது, மலக்குடலின் மேற்பகுதி முதலில் தன்னுள்ளேயே செருகிக்கொண்டு, பிறகு கீழே ஊர்ந்து வெளிவருவதைப் படம் காட்டியது. முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது கையின் துணி உள்ளுக்குள் மடங்கிப் புறம் திரும்புகிறதல்லவா? அதே நிகழ்ச்சிதான் இங்கும். கோளாறு தொடங்குவது வாசலில் இல்லை, உள்ளே மேலே என்பது இதனால் விளங்கியது. எனவே சிகிச்சையும் மேலிருந்தே செய்யப்பட வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது.

கம்பம் பகுதியின் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். கல்தூண்களில் இழுத்துக் கட்டிய கம்பிகள் மேல் கொடி படர்ந்திருக்கும். கட்டு அவிழ்ந்தால் கொடி தொங்கிவிடும். கீழே முட்டுக் கொடுத்துப் பயனில்லை. கொடியைத் தூக்கி மறுபடியும் மேலே கட்ட வேண்டும். இங்கே கல்தூண் என்பது முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் உள்ள திரிக எலும்பு. தொங்கிய மலக்குடலை மேலே இழுத்து அந்த எலும்போடு தைத்து நிறுத்துவதே 'ரெக்டோபெக்ஸி' என்னும் அறுவை. 1950களில் ரிப்ஸ்டீன், வெல்ஸ் முதலியோர் செயற்கைப் பொருள்களைப் பட்டியாக வைத்துக் கட்டும் முறைகளைக் கொண்டுவந்தனர்.

பலன் நன்றாக இருந்தது. ஆனால் அதற்காக அடிவயிற்றை நீளமாகக் கிழிக்க வேண்டியிருந்தது. நோயோ உயிரைக் குடிப்பதன்று. பல நாள் படுக்கை, புண்ணின் வலி, பிற்காலத்தில் தையல் விட்டுக் குடல் பிதுங்கும் வாய்ப்பு ஆகியவற்றை எண்ணி மருத்துவர்களே தயங்கினர். நோயாளிகள் அஞ்சி ஓடினர்.

துளை வழியே ஒரு கண்

இந்தத் தயக்கத்தைப் போக்கிய கருவியின் கதை வேறு ஓரிடத்தில் தொடங்குகிறது. 1901இல் ஜெர்மன் மருத்துவர் கேலிங், ஒரு நாயின் வயிற்றைக் காற்றால் நிரப்பி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை உட்செலுத்தி, வயிற்றின் உள்ளே நோக்கிக் காட்டினார். 1910இல் சுவீடனின் யாக்கோபியஸ் மனிதர்களிடம் இதைச் செய்தார். வயிற்றுள் நோக்கும் இந்தக் குழாய்க்கு 'லேப்ராஸ்கோப்' என்று பெயர். இங்கிலாந்தின் ஹாப்கின்ஸ் கண்ணாடித் தண்டுகளால் அமைத்த வில்லைத் தொகுதி, ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைகள், பின்னர் சிறு தொலைக்காட்சிக் காமிரா என ஒவ்வொன்றாக வந்து சேர, குழாயின் பார்வை தெளிவடைந்தது.

அதுவரை பார்க்க மட்டுமே பயன்பட்ட துளை வழியாக வேலையும் செய்யலாம் என்று காட்டியவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஜெர்மனியின் கீல் நகரில் மகப்பேறு மருத்துவர் கூர்ட் செம் 1980இல் குடல்வாலைத் துளைவழியே அகற்றினார். மூளையைப் பரிசோதித்துக்கொள்ளும்படி உடன் பணியாற்றியோரே அவரிடம் சொன்னார்கள் என்பர்! 1985 செப்டம்பரில் எரிக் முயே பித்தப்பையை அகற்றினார்; அவரையும் முதலில் எவரும் நம்பவில்லை. 1987இல் பிரான்சின் லியோன் நகரில் மூரே அதையே செய்தபின்தான் உலகம் விழித்துக்கொண்டது. அடுத்த ஐந்தே ஆண்டுகளில், 1992இல், பெர்மன் என்பவர் லேப்ராஸ்கோப் மூலம் மலக்குடலைத் தூக்கி நிறுத்தியதை வெளியிட்டார்.

மலக்குடல் இறக்கத்துக்கு இந்த முறை ஏன் அவ்வளவு பொருத்தமாயிற்று? பித்தப்பையையோ கட்டியையோ அகற்றினால் அதை வெளியே எடுக்க ஒரு வழி வேண்டும். இங்கேயோ பெரும்பாலும் எதையும் வெளியே எடுப்பதில்லை. உள்ளே ஒன்றை இடம் மாற்றிக் கட்டுகிறோம், அவ்வளவே. மேலும் இடுப்பெலும்புக் குழி ஆழமானது, குறுகலானது. மேலிருந்து எட்டிப் பார்க்கும் கண்ணைவிட உள்ளேயே நுழைந்து பார்க்கும் காமிராவுக்கு அது தெளிவாகத் தெரியும்.

அறுவை நடப்பது எப்படி?

நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்கிறார்கள். தொப்புளருகே ஒரு சிறு துளையிட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உயர்த்துகிறார்கள். வாயுவின் அழுத்தம் சுமார் 12 மில்லிமீட்டர் பாதரச அளவு. தலைப்பக்கம் தாழ்த்தப்படுவதால் சிறுகுடல் மேல்நோக்கிச் சரிந்து, இடுப்புக் குழி காலியாகிறது. 10 மில்லிமீட்டர் துளை வழியே காமிராவும், 5 மில்லிமீட்டர் துளைகள் வழியே நீண்ட கைக்கருவிகளும் உள்ளே செல்கின்றன. மருத்துவர் திரையைப் பார்த்தபடியே வேலை செய்கிறார்.

சிறுநீர்க் குழாயையும், சிறுநீர் கழித்தலையும் தாம்பத்திய உணர்வையும் ஆளும் நுண்ணிய நரம்புகளையும் காயப்படுத்தாமல் மலக்குடலைச் சுற்றிலும் பிரிப்பதுதான் இதில் நுட்பமான கட்டம். பின்பக்கமும் பக்கவாட்டிலும் அதிகமாகப் பிரித்தால், நோய் தீர்ந்தாலும் மலச்சிக்கல் கூடிவிடுவதை மருத்துவர்கள் கண்டனர். இதற்கு மாற்றாக 2004இல் பெல்ஜியத்தின் டி'ஹோரும் அவர் குழுவினரும் ஒரு முறையை வெளியிட்டனர். குடலின் முன்பக்கத்தை மட்டும் பிரித்து, ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் அகலமும் 17 சென்டிமீட்டர் நீளமும் உள்ள வலைப்பட்டியின் ஒரு முனையைக் குடலின் முன்சுவரிலும் மறுமுனையைத் திரிக எலும்பின் மேல்முனையிலும் பொருத்துவது அம்முறை. பின்புறத்து நரம்புகள் தொடப்படுவதே இல்லை.

2002இல் ஆஸ்திரேலியாவில் 40 நோயாளிகளை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில், துளைவழி அறுவைக்கு நேரம் கூடுதலாக ஆனாலும், நோயாளிகள் வலி குறைந்து விரைவில் வீடு திரும்பினர் என்பது தெரியவந்தது. நாள் கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு, மருத்துவமனையில் குறையும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் அடுப்பெரிவதற்குச் சமம்.

இந்தியாவுக்கு வந்த கதை

நம் நாட்டில் இத்துறையின் முன்னோடி பம்பாயின் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா. 1972 முதலே ஜே.ஜே. மருத்துவமனையின் ஏழை நோயாளிகளுக்கு நோயறிய லேப்ராஸ்கோப்பைப் பயன்படுத்தி வந்தார். விலையுயர்ந்த பரிசோதனைகள் இல்லாத நாட்டுக்கே இக்கருவி அதிகம் தேவை என்பது அவர் கட்சி. 1990இல் இந்தியாவின் முதல் துளைவழிப் பித்தப்பை அறுவையை அங்கே அவர் செய்தார். தமிழகத்தில் 1990களின் தொடக்கத்திலேயே கோவையில் டாக்டர் சி. பழனிவேலு இம்முறையை மேற்கொண்டு, பல அறுவைகளுக்கு விரிவுபடுத்தி, ஏராளமான அறுவை மருத்துவர்களுக்குப் பயிற்சியளித்தார். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து உணவுக்குழாயைத் துளைவழியே பிரிக்கும் முறையில் 130 பேரிடம் கண்ட அனுபவத்தை 2006இல் அவர் குழு வெளியிட்டபோது, உலகெங்கும் மருத்துவர்கள் கோவையைத் திரும்பிப் பார்த்தனர்.

ஆனால் சாதாரண இந்தியப் பெண்களில் பலர் இக்கருவியை முதலில் அறிந்தது வேறு வழியில். 1980களில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களில் கருக்குழாயை அடைக்க லேப்ராஸ்கோப் பயன்பட்டது. அதே முகாம் முறையில் 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே நாளில் 83 பெண்களுக்கு அவசரமாகக் கருத்தடை அறுவை செய்யப்பட்டு, பத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமையும் நிகழ்ந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை நிறுத்தும்படி ஆணையிட்டது. துளை சிறியது என்பதால் பொறுப்பும் சிறியதாகிவிடாது என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

பள்ளத்தாக்கும் தொலைவும்

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு மலையைத் துளைத்த கதை புதிதன்று. 1895இல் பென்னிகுயிக் முல்லைப் பெரியாற்று நீரை இந்தப் பக்கம் திருப்பியபோது மலையைத் தகர்க்கவில்லை. அதில் ஒரு சுரங்கத் துளையிட்டார். அந்த ஒரு துளையால் பள்ளத்தாக்கு முழுதும் பசுமையாயிற்று.

மருத்துவம் வந்து சேர்வதற்குத்தான் நெடுங்காலம் ஆயிற்று. 1928இல் போடியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது. 1954இல் மதுரையில் மருத்துவக் கல்லூரி தோன்றியது. பெரிய அறுவை என்றால் கம்பத்தார் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதுரைக்குத்தான் போக வேண்டும். உடன் ஒருவர் தங்க வேண்டும்; இருவர் கூலியும் போகும். வெட்கமான நோய்க்காக அவ்வளவு தொலைவு போவார் யார்? 1996இல் தேனி தனி மாவட்டமாயிற்று. பின்னர் ஆண்டிபட்டிக்கு அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் அதன் இடத்தில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைக் குடும்பங்களின் அறுவைச் செலவைப் பெருமளவு ஏற்றன. பாதையும் பணமும் ஓரளவு கூடி வந்துவிட்டன. இனிக் கடக்க வேண்டியது கூச்சம் ஒன்றே.

கருவி சிற்றூர்களுக்கும் செல்ல வேண்டும் என்று எண்ணிய மருத்துவர்களும் உண்டு. டாக்டர் ஜே. ஞானராஜ் போன்ற கிராமப்புற அறுவை மருத்துவர்கள், வாயுவுக்குப் பதிலாக வயிற்றுச் சுவரை ஒரு கம்பிக் கருவியால் தூக்கி நிறுத்தி, முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்தே சில துளைவழி அறுவைகளைச் செய்யும் முறையைப் பரப்பி வருகின்றனர். வாயு உருளையும் முழு மயக்கமும் எளிதில் கிட்டாத இடங்களுக்கு இது ஏற்றது. மலக்குடல் அறுவை போன்ற நுட்பமானவற்றுக்குப் பெரிய மருத்துவமனையே தக்க இடம் என்றாலும், நல்ல நுட்பம் நகரத்தோடு நின்றுவிடக் கூடாது என்னும் எண்ணம் போற்றத்தக்கது.

குறைகளையும் சொல்ல வேண்டும்

துளைவழி அறுவை எல்லாருக்கும் ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது. இதயமும் நுரையீரலும் தளர்ந்த முதியவர்களுக்குக் கீழ்வழி முறையே பாதுகாப்பானது. செயற்கை வலை அரிதாகக் குடலையோ பெண்ணுறுப்பையோ அரித்துத் தொல்லை தரலாம்; ஆதலால் வலையின்றித் தையலால் மட்டுமே நிறுத்துவோரும் உண்டு. 2013இல் பிரிட்டனிலிருந்து வெளியான, 293 நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆய்வு, பல்வேறு முறைகளுக்கிடையே தெளிவான பெரிய வேறுபாடு எதையும் காணவில்லை. எந்த முறையானாலும் பெரும்பாலோரின் வாழ்க்கை நலம் பெற்றது என்பதே அதில் கண்ட நற்செய்தி. எனவே 'எந்த அறுவை?' என்பதை மருத்துவரும் நோயாளியும் கலந்து முடிவு செய்யலாம். 'மருத்துவரிடம் போகலாமா?' என்ற கேள்விக்கு மட்டும் ஒரே விடைதான்.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். சிறு குழந்தைக்கு ஆசனம் தள்ளினால் பெற்றோர் அலற வேண்டாம். மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, சத்துக் குறைவு, சாட்டைப் புழு ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதைத் தீர்த்தால் பெரும்பாலும் அறுவையின்றியே சரியாகிவிடும். ஆனால் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். பெரியவர்களிடமோ இது தானாகத் தீர்வதில்லை. நாளாக நாளாகச் சுருக்குத் தசை தளர்ந்து, மலத்தை அடக்கும் ஆற்றலும் போய்விடும். வெளியே வந்த குடல் உள்ளே போகாமல் நீலம் பாரித்தால் அது அவசர நிலை. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் எகிப்தியர் இந்நோயை வெட்கப்படாமல் எழுதி வைத்தார். சுசுருதர் அதற்குப் பெயரிட்டார். அதன்பின் எத்தனையோ பேர் தோற்றும், ஏளனம் பட்டும், ஒரு விரற்கடைத் துளைக்குள் அதன் சிகிச்சையைச் சுருக்கிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒரு தாயோ பாட்டியோ காரணம் சொல்லாமல் விழாக்களைத் தவிர்க்கிறார்களா? அடிக்கடி துணி மாற்றுகிறார்களா? அருகில் அமர்ந்து, அன்பாகக் கேட்டுப் பாருங்கள். அவர் வாய் திறந்து சொல்லும் அந்த ஒரு சொல்லில்தான் சிகிச்சை தொடங்குகிறது.